ஆச்சியின் குளமும் ஆதவனும்

"வீட்டிலேயே நீச்சல் குளமா! பெரிய பணக்காரர்களாக இருப்பார்கள் போலிருக்கிறதே!" என்று தோழியர் பலரும் எங்களைக் கேட்டுவிட்டார்கள். முதலில் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறோம். எங்கள் சித்தப்பா ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் ஒரு பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். சித்தி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார்கள். அவர்கள் வாங்கிய பழைய வீட்டின் கொல்லையில் குளம் முன்பே இருந்தது. வீட்டோடு சேர்ந்து வந்தது, அவ்வளவுதான். நம் ஊரில் பழைய வீடுகளில் கிணறு இருப்பதைப் போல அந்த ஊரில் பல வீடுகளில் குளம் இருக்கிறது. கிணறாவது சும்மா கிடக்கும். குளம் அப்படிச் சும்மா கிடக்காது என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டோம்.

2024 டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிந்த அன்றிரவே நாங்கள் இருவரும் அப்பா அம்மாவுடன் விமானம் ஏறினோம். எங்களில் மூத்தவள் பதினோராம் வகுப்பு, இளையவள் ஒன்பதாம் வகுப்பு. பொங்கல் கழிந்து திரும்புவதாக மதரிடம் கெஞ்சி விடுப்பு வாங்கியிருந்தோம்.

பிரிஸ்பேனில் எல்லாமே தலைகீழ். கிறிஸ்துமஸ் அங்கே கோடை. காலை ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. உச்சிப் பொழுதில் முற்றத்தில் நின்றால் நம் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. மார்கழி மாதத்தில் நம் ஊரில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதைத்தானே பார்த்திருக்கிறோம்? அங்கே அது வடக்கே நிற்கிறது! ஆகையால் வீட்டுக் கூரைமேல் பதித்த சூரியத் தகடுகள் எல்லாம் வடக்கைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. தெருவில் நடந்து போகும்போது தகடு உள்ள வீடுகளை எண்ணிப் பார்த்தோம், விரல்கள் போதவில்லை. 2024ஆம் ஆண்டு முடிவதற்குள் அந்த நாட்டில் நாற்பது லட்சம் கூரைகளில் சூரியத் தகடு ஏறிவிட்டதாம். மூன்று வீட்டுக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா வீட்டுக் கூரையிலும் 20 தகடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் 250 வாட். மொத்தம் 5 கிலோவாட். 2016இல் போட்டது.

இனி ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆச்சி சித்தப்பாவிடம் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முந்திய ஆண்டு இரண்டு முழங்கால்களுக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. தரையில் நடந்தால் வலி தாங்கவில்லை என்றதும், பயிற்சி கொடுக்க வந்த அம்மையார் தண்ணீருக்குள் நடக்கச் சொன்னாராம். இடுப்பளவு நீரில் நின்றால் உடல் எடையில் ஏறக்குறையப் பாதியை நீரே தாங்கிக்கொள்ளும் அல்லவா? ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பரீட்சைக்கு மட்டும் படித்த எங்களுக்கு, அது ஆச்சியின் முழங்காலுக்கும் உதவும் என்று தோன்றியதே இல்லை.

குளிக்கும் உடை எதையும் ஆச்சி ஏற்கவில்லை. நைலக்ஸ் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி படியிறங்குவார்கள். குளத்தைச் சுற்றி 1.2 மீட்டர் உயர வேலி, தானாகவே சாத்திக்கொள்ளும் கதவு; குழந்தைகள் தவறி விழுந்துவிடாமல் இருக்க அங்கே சட்டமே இருக்கிறது. அந்தக் கதவு 'டக்' என்று சாத்துகிற ஓசை கேட்டால் மணி ஆறு, ஆச்சி குளத்துக்குப் போய்விட்டார்கள் என்று பொருள். முதலில் இரண்டு நடை, பிறகு ஐந்து. நாங்கள் போனபோது இருபது நடையாகியிருந்தது. நடைக்கு ஒன்றாகக் குளக்கரையில் கூழாங்கல்லை நகர்த்தி வைப்பார்கள்.

போன முதல் இரவே எங்களுக்குத் தூக்கம் போயிற்று. சன்னலுக்கு வெளியே 'ங்ங்...' என்று ஓயாத இரைச்சல்.

"ஆச்சி, இந்த நேரத்தில் யார் கிரைண்டர் ஓட்டுகிறார்கள்?"

"மாவும் இல்ல, மண்ணும் இல்லட்டீ. அது குளத்து மோட்டாரு. ஆறு வருசமா அதுதான் எனக்குத் தாலாட்டு."

அந்தத் தாலாட்டுக்கு என்ன விலை என்பது புத்தாண்டுக்கு மறுநாள் தெரிந்தது. மூன்று மாத மின்கட்டண ரசீது வந்திருந்தது. சித்தப்பா அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு சித்தியிடம், "இனி முடியாது. மண்ணைக் கொட்டிக் குளத்தை மூடிவிடலாம்" என்றார். சித்தி ஆச்சியைப் பார்த்தார்கள். ஆச்சி குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, "எனக்காகப் பாக்க வேண்டாம்ப்பா. மூடிட்டு நாலு வாழை வைங்க. நல்லா வரும்" என்றார்கள்.

அன்றிரவு ஆச்சி தூங்கவில்லை. மோட்டார் இரைச்சல் காரணம் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

மறுநாள் சித்தப்பாவின் மகன் (எங்கள் தம்பி, வயது பன்னிரண்டு) எங்களைக் கார்க் கொட்டகைக்கு அழைத்துப் போனான். சுவரில் இன்வெர்ட்டர் என்னும் பெட்டி. தகடுகளில் பிறப்பது நேர்மின்சாரம். வீட்டில் ஓடுவது மாறுமின்சாரம். ஒன்றை மற்றொன்றாக்குவது அதன் வேலை. அதன் முகப்பில் ஓர் எண் மின்னிக்கொண்டிருந்தது: 3,940. அந்த நொடியில் கூரையில் பிறக்கும் வாட். வீட்டில் அப்போது குளிர்பதனப் பெட்டி மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. மீதியெல்லாம் எங்கே போகிறது? தெருக் கம்பிக்குத்தான்! மின்சார நிறுவனம் அதை வாங்கிக்கொள்கிறது.

எவ்வளவுக்கு? ரசீதை எடுத்து மூவரும் தரையில் பரப்பிக்கொண்டு படித்தோம். சித்தப்பா விற்கும் யூனிட்டுக்கு 5 சென்ட். அவரே வாங்கும் யூனிட்டுக்கு 32 சென்ட். அந்த மாநிலத்தில் 2008 முதல் 2012 நடுப்பகுதி வரை விண்ணப்பித்தவர்களுக்கு, உபரி மின்சாரத்துக்கு யூனிட் 44 சென்ட் தரும் அரசுத் திட்டம் ஒன்று இருந்தது. 2016இல் தகடு போட்ட சித்தப்பாவுக்கு அது கிட்டவில்லை. ஆக, பகலில் பாலை ஐந்து காசுக்கு விற்றுவிட்டு, இரவில் அதே பாலை முப்பத்திரண்டு காசுக்கு வாங்கிக் குடிக்கிற கதை!

ஏன் மோட்டார் இரவில் ஓடுகிறது? சித்தப்பாவைக் கேட்டோம். வீட்டை விற்றவர், "இரவில் ஓட்டுங்கள், மின்சாரம் மலிவு" என்று சொல்லிப் போனாராம். அவருடைய கணக்கில் இரவுக் கட்டணம் தனியாகக் குறைவாக இருந்திருக்கிறது. சித்தப்பாவின் கணக்கிலோ இரவும் பகலும் ஒரே விலை. பிறகு கூரையில் தகடும் ஏறியது. ஆனால் மோட்டாரின் நேரத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை! அதிகாலையில் போய் இருட்டில் திரும்பும் மனிதருக்கு இதையெல்லாம் யோசிக்க நேரம் எங்கே?

பக்கத்து வீட்டுப் பெரியவர் செருகி அளக்கும் சிறு மீட்டர் ஒன்றைத் தந்தார். மோட்டார் 1,100 வாட் இழுத்தது. இரவு 10 முதல் காலை 6 வரை 8 மணி நேரம், நாளுக்கு 8.8 யூனிட். மூன்று மாதத்துக்கு 790 யூனிட்டுக்கு மேல். 250 டாலர்! தகடுகளோ அந்த ஊர் வெயிலில் கிலோவாட்டுக்குச் சராசரி 4.2 யூனிட் வீதம் நாளொன்றுக்கு 21 யூனிட் கொடுக்கின்றன. மோட்டாருக்கு அது தாராளம்.

"பகலில் ஓட்டினால் குளத்துக்குக் கெடுதல் இல்லையா?" என்று சித்தி கேட்டார்கள். உண்மையில் நல்லதுதான். அந்தக் குளத்து நீரில் லிட்டருக்கு நாலைந்து கிராம் உப்பு கலந்திருக்கிறது. கடல் நீரில் 35 கிராம். மோட்டார் ஓடும்போது அந்த உப்புநீர் ஒரு மின்கலத்தின் வழியாகப் போகிறது. அங்கே உப்பு பகுக்கப்பட்டுக் குளோரின் பிறக்கிறது. அதுதான் பாசியையும் கிருமியையும் கொல்லும் மருந்து. பத்தாம் வகுப்பு வேதியியல்தான், தோழியரே. ஆனால் வெயில் பட்டால் குளோரின் சிதைந்துபோகும். இரவெல்லாம் மருந்தைச் செய்துவைத்துப் பகலில் வெயிலுக்குக் கொடுப்பதைவிட, வெயில் அழிக்க அழிக்கப் பகலிலேயே செய்துகொண்டிருப்பது மேல்.

சேமித்துவைக்கப் பாட்டரி வேண்டுமே என்று நாங்களும் முதலில் நினைத்தோம். வேண்டியதில்லை. விளக்கு இரவில்தான் எரிய வேண்டும். அதற்குப் பாட்டரி வேண்டும். நீரைச் சுத்தம் செய்யும் வேலைக்கு வேளை கிடையாது. பகலில் செய்து முடித்தால் நீர் இரவெல்லாம் சுத்தமாகவே கிடக்கும். நம் பக்கத்துத் தோட்டங்களில் சூரிய மோட்டார் வைத்திருக்கும் விவசாயிகள் வெயில் நேரத்தில் தொட்டியை நிரப்பிக்கொள்வதும் இப்படித்தான். மின்சாரத்துக்குப் பதில் தண்ணீரைச் சேமிக்கிறார்கள்.

சித்தப்பா எங்கள் காகிதத்தை இரண்டு முறை படித்தார். "சரி, மாற்றுங்கள். ஆனால் எட்டு மணி நேரம் குறையக் கூடாது" என்றார். மூடும் பேச்சைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்தார்.

இந்த இடத்தில் நாங்கள் செய்த காரியத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தோம். எழுதுகிறோம்.

மோட்டாருக்கு நேரம் குறிக்கும் வட்டச் சக்கரத்தில் 96 சிறு பற்கள் உண்டு. ஒரு பல்லுக்கு 15 நிமிடம். எட்டு மணி நேரத்துக்கு 32 பற்களை அழுத்த வேண்டும். எங்களுக்கோ ஒரு பேராசை. குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம். கொள்ளளவு 44,800 லிட்டர். மோட்டார் மணிக்கு ஏறத்தாழ 12,000 லிட்டர் இறைக்கிறது. நாலு மணி நேரத்துக்குள் குளம் முழுவதும் ஒருமுறை வடிகட்டியைத் தாண்டிவிடுமே! பிறகு எட்டு மணி நேரம் எதற்கு? 'சித்தப்பா அசந்துபோகட்டும்' என்று யாருக்கும் சொல்லாமல் 16 பற்களை மட்டும் அழுத்தினோம்.

மூன்றாம் நாள் மாலை இடியும் மழையும். அந்த ஊர்க் கோடையில் அது வழக்கம். தெருவிலுள்ள யூகலிப்டஸ் இலையெல்லாம் குளத்தில். மறுநாள் காலை நீர் பால் கலந்தது போல மங்கியது. அதற்கடுத்த நாள் பச்சை. சாதாரணப் பச்சை இல்லை. நம் ஊர்க் கோயில் தெப்பக்குளத்துப் பச்சை.

ஆச்சி வழக்கம்போல ஆறு மணிக்குச் சேலையைச் செருகிக்கொண்டு வந்தார்கள். கதவைத் திறக்கவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு கூழாங்கற்களை ஒரு தட்டில் அள்ளி உள்ளே கொண்டு வந்து வைத்துவிட்டார்கள்.

சித்தப்பா நீரைப் பார்த்துவிட்டு, "மோட்டாருக்கு வயதாகிவிட்டது. இனி இதில் காசு போடுவது வீண். மூடுவதற்கு ஆளைக் கூப்பிடுகிறேன்" என்று தொலைபேசியை எடுத்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அன்று மாலைவரை பேசாமல் இருந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாப்பாட்டு வேளையில் ஆச்சி எழுந்திருக்க மேசையை இரண்டு கையாலும் ஊன்றினார்கள். இரண்டு நாள் நீரில் நடக்காததற்கே முழங்கால் இறுகிவிட்டது. அதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க எங்களால் முடியவில்லை. பதினாறு பற்களையும் சொன்னோம்.

சித்தப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு போய், சக்கரத்தின் 96 பற்களையும் தாமே அழுத்திவிட்டு வந்தார். "நாளைக்குக் காலையில் தூரிகை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

சுவரெல்லாம் பாசி தேய்த்தோம். கடையில் வாங்கிய குளோரின் திரவத்தை ஊற்றினார் சித்தப்பா. மணல் வடிகட்டியில் நீரைப் பின்னோக்கிச் செலுத்தி அழுக்கை வெளியேற்றினோம். முதலில் வந்த நீர் கீரை வேகவைத்த தண்ணீர் போலிருந்தது. இரண்டு இரவும் இரண்டு பகலும் கிரைண்டர் ஓய்வில்லாமல் ஓடியது. நாங்கள் மிச்சம் பிடித்ததாக நினைத்ததெல்லாம் அதில் கரைந்தது. மருந்துச் செலவு தனி. குளம் பச்சையிலிருந்து சாம்பலாகி, சாம்பலிலிருந்து நீலமாக ஆறு நாள் ஆயிற்று.

எங்கள் கணக்கு எங்கே தவறியது? பள்ளி திரும்பியதும் இயற்பியல் சிஸ்டரிடம் கேட்டோம். ஒரு டம்ளர் நீரில் ஒரு சொட்டு நீல மை விட்டு, ஒரு பக்கம் நல்ல நீரைச் சொட்டவிட்டு, வழிவதைத் தட்டில் பிடித்துக் காட்டினார்கள். ஒரு டம்ளர் நீர் உள்ளே போன பிறகும் நீலம் முழுவதும் போகவில்லை. சுத்தமான நீர் திரும்பி வந்து அழுக்கு நீரோடு கலந்துவிடுகிறதல்லவா? நன்றாகக் கலக்கும் குளத்தில் கொள்ளளவு முழுவதையும் ஒருமுறை இறைத்தாலும் ஏறத்தாழ 63 சதவீத நீர்தான் வடிகட்டியைக் கண்டிருக்குமாம். இரண்டு முறை இறைத்தால் 86 சதவீதம். அதோடு, மோட்டார் பாதி நேரம் ஓடினால் குளோரினும் பாதிதானே பிறக்கும்? இதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

பொங்கலன்று காலை நீர் தெளிந்திருந்தது. சித்தி கொல்லையில் வெயில் பார்த்துப் பொங்கல் வைத்தார்கள். ஆச்சி மூன்று நடை நடந்தார்கள். கூழாங்கற்களை நாங்கள்தான் திரும்பவும் கரையில் அடுக்கினோம்.

அதன்பின் மோட்டார் காலை 8.30 முதல் மாலை 4.30 வரை. முப்பத்திரண்டு பற்கள், தம்பி எண்ணிச் சரிபார்த்தான்! வாங்கும் மின்சாரத்தில் நாளொன்றுக்கு 2 டாலர் 80 சென்ட் மிச்சம். அந்த மின்சாரத்தை விற்றிருந்தால் கிடைத்திருக்கும் 44 சென்ட்டைக் கழித்துவிட வேண்டும். மழை நாளையும், நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்கிற குளிர்காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 600 டாலர் வருகிறது. நம் பணத்தில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல். சித்தப்பா அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூடுவதைப் பற்றிப் பிறகு பேச்செடுக்கவில்லை.

நாங்கள் திரும்பி வந்த பிறகு, ஏப்ரலில், சித்தப்பா வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய புது மோட்டார் ஒன்றை வாங்கினார். விலை சற்று அதிகம்தான். ஆனால் அதில் ஓர் அதிசயம் இருக்கிறது. மோட்டாரின் வேகத்தைப் பாதியாக்கினால் நீரும் பாதியாகிறது. ஆனால் மின்சாரம் பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது! இரண்டு மடங்கு நேரம் ஓட்டி அதே அளவு நீரை இறைத்தாலும் பழைய மின்சாரத்தில் கால் பங்குதான். நடைமுறையில் கொஞ்சம் கூடும் என்கிறார் சித்தப்பா. மேகம் மூடிய நாளில் தகடுகள் சில நூறு வாட்தான் கொடுக்கும். பழைய மோட்டாருக்கு அது போதாது. மெல்ல ஓடும் புதியதற்கு அதுவே போதும்.

போன வாரம் ஆச்சி தொலைபேசியில் பேசினார்கள். இப்போது முப்பது நடையாம். புது மோட்டார் எப்படி இருக்கிறது என்று கேட்டோம்.

"என்னத்தச் சொல்ல? சத்தமே இல்லட்டீ. ஓடுதா இல்லையான்னே தெரியல. தெனமும் படியில எறங்கினதும் தண்ணி வர்ற ஓட்டையில கைய வச்சுப் பாத்துட்டுத்தான் நடக்கேன்."